'அஃபோர்டபிள்'னு போர்டு இருந்தா போதுமா? ஒரு யுனிவர்சிட்டி ஊரின் வாடகைக் கணக்கு



ஜூன், ஜூலை வந்தாலே நம்ம சேனலுக்கு ஒரே மாதிரி கேள்வி வர ஆரம்பிக்கும். "ப்ரோ, அமெரிக்காவுல எம்எஸ் சேரப் போறேன். யுனிவர்சிட்டி பக்கத்துல ஒரு அபார்ட்மென்ட், 'அஃபோர்டபிள் ஹவுசிங்'னு போட்டிருக்கு. வாடகை மத்த இடத்தை விட நல்லாவே கம்மி. அப்ளை பண்ணலாமா?" கேட்கிறவங்கள்ல பலர் இரண்டு மூணு வருஷம் வேலை பார்த்து, கொஞ்சம் சேமிச்சு, மீதிக்கு கல்விக் கடன் வாங்கிக் கிளம்புறவங்க. வாடகையில 200 டாலர் மிச்சமானாலும் அது அவங்களுக்குப் பெரிய விஷயம்.

நேரடியா பதில் சொல்லிடறேன். அந்த அபார்ட்மென்ட் டாக்ஸ் கிரெடிட் திட்டத்துல கட்டினதா இருந்தா, முழுநேர மாணவரா தனியா போற உங்களுக்கு அனேகமா அங்க இடம் கிடைக்காது. முழுநேர மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்தாலும் கிடைக்காது. சட்டமே அப்படித்தான் இருக்கு.

ஏன் அப்படி ஒரு சட்டம்? அப்போ அந்த வீடு யாருக்கு? அது எத்தனை வருஷம் 'அஃபோர்டபிள்'ஆ இருக்கும்? இந்த மூணையும் தேடிப் போனா, சம்பளம் வாங்கி வரி கட்டுற எல்லாருக்கும் உபயோகமான ஒரு பாடம் கிடைக்கும். அதோட எனக்கு இந்த விஷயத்துல ஒரு கருத்தும் இருக்கு. அதையும் ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன்.

முதல்ல: கழிவு வேற, கிரெடிட் வேற

நமக்கு 80சி நல்லா தெரியும். பழைய வரி முறையில 1.5 லட்சம் முதலீடு பண்ணா, அந்தத் தொகை வருமானத்துல கழியும். நீங்க 30 சதவீத ஸ்லாப்ல இருந்தா மிச்சமாகிற வரி 45,000 ரூபாய், செஸ் தனி. 1.5 லட்சம் காட்டினீங்க, கைக்கு வந்த லாபம் 45,000. இது வரிக் கழிவு.

கிரெடிட் அப்படி இல்ல. நேரா வரியிலேயே கழியும். புதிய வரி முறையில 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரை வருமானம் இருக்கிறவங்களுக்கு 60,000 ரூபாய் வரைக்கும் வரியே தள்ளுபடி ஆகுது இல்லையா, நாம 87ஏ ரிபேட்னு சொல்றோமே, குணத்துல அது மாதிரி. ஒரு ரூபாய் கிரெடிட் இருந்தா ஒரு ரூபாய் வரி குறையும்.

இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்குங்க. அமெரிக்காவின் மலிவு வாடகை வீட்டுத் திட்டம் முழுக்க இதன் மேலதான் நிக்குது.

அரசாங்கம் கட்டாத அரசாங்க வீடு

1986-ல ரொனால்ட் ரீகன் ஜனாதிபதியா இருந்தப்போ அமெரிக்காவுல ஒரு பெரிய வரிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதுல சேர்ந்ததுதான் குறைந்த வருமான வீட்டுவசதி டாக்ஸ் கிரெடிட். வருமான வரிச் சட்டத்துல அது 42-வது பிரிவு. அன்னையிலிருந்து இதுவரைக்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடகை வீடுகள் இந்தத் திட்டத்தின் உதவியோட கட்டப்பட்டிருக்கு, இல்லன்னா புதுப்பிக்கப்பட்டிருக்கு. குறைஞ்ச வாடகையில வீடு கட்டுறதுக்கு அந்த நாட்டுல இருக்கிற முக்கியமான வழி இன்னைக்கும் இதுதான்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருஷா வருஷம் இவ்வளவு கிரெடிட்னு ஒதுக்கும். மாநில வீட்டுவசதி ஏஜென்சி, பில்டர்கள் கிட்ட விண்ணப்பம் வாங்கி, மார்க் போட்டு, தேர்ந்தெடுத்த புராஜெக்ட்டுக்கு அந்த கிரெடிட்டைக் கொடுக்கும். பில்டருக்கு அது பணமா கைக்கு வராது. 10 வருஷத்துக்கு, வருஷா வருஷம் வரியில கழிச்சுக்கிற உரிமையா வரும்.

ஆனா பில்டருக்கு இப்பவே சிமென்ட் வாங்கணும், கம்பி வாங்கணும். அதனால அந்த உரிமையை முதலீட்டாளர்கள் கிட்ட வித்துடுவார். வாங்குறவங்க பெரும்பாலும் வங்கிகள். அவங்களுக்கு கட்ட வேண்டிய வரியும் அதிகம். அதோட, 1977-ல வந்த ஒரு சட்டப்படி, தொழில் பண்ற பகுதியில இருக்கிற குறைந்த வருமான மக்களுக்கும் சேவை செய்யணும்ங்கற பொறுப்பும் இருக்கு. ஒரே முதலீட்டுல இரண்டு வேலையும் முடியுது.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். தகுதியான கட்டுமானச் செலவு 1 கோடி டாலர்னு வைங்க.

போட்டி போட்டு வாங்குற '9 சதவீத' கிரெடிட் கிடைச்சா: வருஷம் 9 லட்சம் டாலர், 10 வருஷத்துக்கு 90 லட்சம். இதை டாலருக்கு 85 சென்ட் விலையில வித்தா இன்னைக்குக் கையில 76.5 லட்சம். பாக்கி 23.5 லட்சத்துக்குத்தான் கடன் தேடணும்.

வரிவிலக்கு பாண்டோட சேர்ந்து வர்ற '4 சதவீத' கிரெடிட் கிடைச்சா: வருஷம் 4 லட்சம், 10 வருஷத்துக்கு 40 லட்சம், வித்தா 34 லட்சம். பாக்கி 66 லட்சத்துக்கு வேற வழி பார்க்கணும்.

23.5 லட்சம், 66 லட்சம். இந்த இரண்டு எண்ணையும் மறந்துடாதீங்க. கடன் வாங்கினா இஎம்ஐ கட்டணும். அந்த இஎம்ஐ வாடகையிலிருந்துதான் வரும். பாக்கித் தொகை பெருசாக ஆக, வாடகையைக் குறைக்கிற இடம் சுருங்கிக்கிட்டே போகும்.

சார்லட்ஸ்வில்லுக்குப் போவோம்

விர்ஜீனியா மாநிலத்துல சார்லட்ஸ்வில்னு ஒரு சின்ன ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி 46,553 பேர். அந்த ஊர்ல தாமஸ் ஜெஃபர்சன் 1819-ல தொடங்கின விர்ஜீனியா பல்கலைக்கழகம் இருக்கு. மாணவர்கள் ஏறக்குறைய 25,000 பேர். எல்லாரும் ஊர் எல்லைக்குள்ளேயே இருக்கறது இல்ல. ஆனாலும் இவ்வளவு சின்ன ஊருக்குப் பக்கத்துல இவ்வளவு மாணவர்கள்னா வாடகை சந்தை என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இந்த மாதிரி ஊர்ல வீட்டு ஓனர் வீட்டை வீடா பார்க்க மாட்டார், படுக்கைக் கணக்குல பார்ப்பார். நாலு பெட்ரூம் வீட்டை நாலு மாணவர்களுக்கு, ஆளுக்கு 900 டாலர்னு விட்டா மாசம் 3,600. அந்த 900-ஐயும் பல பேருக்கு ஊர்ல இருக்கிற அப்பா அம்மா அனுப்புறாங்க, இல்ல கல்விக் கடன்ல இருந்து வருது. அதே வீட்டுக்கு, ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை பார்க்கிற அம்மா, பஸ் ஓட்டுற அப்பா, இரண்டு குழந்தைங்கன்னு ஒரு குடும்பம் வந்து நின்னா அவங்களால 3,600 தர முடியுமா? ஓனர் கெட்டவரா இருக்கணும்னு அவசியமே இல்ல. கணக்கே அவங்களை வெளிய தள்ளிடும்.

டாக்ஸ் கிரெடிட் சட்டத்துல மாணவர்களுக்குத் தடை இருக்கிறது இதனாலதான். தடை இல்லன்னா, கையில சம்பளம் இல்லாததால 'குறைந்த வருமானம்'னு கணக்குல வர்ற மாணவர்களே எல்லா வீட்டையும் நிரப்பிடுவாங்க. அப்புறம் அது மக்கள் வரிப்பணத்துல கட்டின ஹாஸ்டல்தான்.

தடை வீட்டுல இருக்கிற எல்லாரும் முழுநேர மாணவர்களா இருந்தாத்தான். ஒருத்தராவது அப்படி இல்லாதவர் இருந்தா இந்தத் தடை வராது. கல்யாணமாகி கூட்டா வரி தாக்கல் பண்ணத் தகுதி உள்ள தம்பதி, தனியா குழந்தை வளர்க்கிறவங்க, வளர்ப்புப் பராமரிப்புல இருந்து வந்தவங்கன்னு சில விலக்குகளும் உண்டு.

எம்எஸ் போறவங்க கவனிக்க வேண்டிய ஒரு சின்ன சிக்கல் இருக்கு. ஒரு காலண்டர் வருஷத்துல 5 மாசம் முழுநேரமா படிச்சாலே அந்த வருஷம் பூரா நீங்க மாணவர் கணக்குதான். ஜனவரியிலிருந்து மே வரை படிச்சு, ஜூன்ல வேலைக்குச் சேர்ந்தாலும், டிசம்பர் வரைக்கும் மாணவர்தான். "இப்போ நான் சம்பளம் வாங்குறேனே"ன்னு போய் நின்னா அலையறதுதான் மிச்சம். புது வருஷம் பிறந்த பிறகு போங்க.

யாருக்கு அஃபோர்டபிள்?

மாணவர்களை வெளிய வச்சாச்சு. இனி அந்தத் துப்புரவுப் பணியாளர் அம்மாவுக்கு வீடு கிடைச்சுடுமா? அவசரப்படாதீங்க.

இந்தத் திட்டத்துல வாடகை உங்க சம்பளத்தை வச்சு முடிவாகாது. அந்தப் பகுதியின் நடுத்தர குடும்ப வருமானத்தை வச்சு முடிவாகும். பகுதின்னா ஊர் மட்டும் இல்ல, சுத்தி இருக்கிற ஆல்பமார்ல் மாதிரி வசதியான கவுண்டிகளும் சேர்ந்தது. இன்னொன்னு, இது 'குடும்ப' வருமானம். ரூம்மேட்டா சேர்ந்து இருக்கிற மாணவர்கள் குடும்பம்ங்கற கணக்குல வர மாட்டாங்க. பேராசிரியர், டாக்டர் குடும்பங்கள் வருவாங்க. யுனிவர்சிட்டி ஊர்ல அந்த நடு எண் ஏன் மேல போகுதுன்னு இப்போ புரியும்.

சார்லட்ஸ்வில் பகுதிக்கு நாலு பேர் குடும்பத்தின் நடுத்தர வருமானத்தை அமெரிக்க வீட்டுவசதித் துறை சமீப வருஷங்கள்ல 1,20,000 டாலருக்கு மேல போட்டிருக்கு. கணக்குக்கு சுலபமா 1,20,000-ன்னே வச்சுக்குவோம்.

வழக்கமான வரம்பு இதுல 60 சதவீதம். நாலு பேருக்கு 72,000. மூணு பேர் குடும்பத்துக்கு அதுல 90 சதவீதம், 64,800. இரண்டு பெட்ரூம் வீட்டின் உச்ச வாடகை இந்த மூணு பேர் வரம்பில் 30 சதவீதம். வருஷத்துக்கு 19,440, மாசத்துக்கு 1,620 டாலர். கரண்ட், தண்ணி எல்லாம் இதுக்குள்ள.

இப்போ மூணு குடும்பத்தை வாசல்ல நிறுத்துவோம்.

முதல் குடும்பம்: ஒரு அம்மா, இரண்டு குழந்தைங்க. மணிக்கு 18 டாலர் சம்பளம், வாரம் 40 மணி நேரம். வருஷத்துக்கு 37,440, மாசம் 3,120. வாடகை 1,620-ன்னா சம்பளத்துல 52 சதவீதம் போயிடும். அதுவும் வரிப் பிடித்தத்துக்கு முந்தின சம்பளத்துல. சட்டப்படி தகுதி இருக்கு, வாழ்றதுக்குக் காசு இல்ல. வாடகையைப் போல இத்தனை மடங்கு சம்பளம் இருக்கணும்னு கேட்கிற நிர்வாகமா இருந்தா விண்ணப்பமே தேறாது.

இரண்டாவது குடும்பம்: கணவன், மனைவி இரண்டு பேரும் அதே 18 டாலர் வேலை, ஒரு குழந்தை. மொத்தம் 74,880. வரம்பு 64,800. "உங்களுக்கு வருமானம் அதிகம்"னு திருப்பி அனுப்பிடுவாங்க. வெளிய சந்தை வாடகையில இவங்க அந்த மாணவர்களோட போட்டி போடணும்.

மூணாவது குடும்பம்: இரண்டு பேரும் மணிக்கு 15 டாலர், ஒரு குழந்தை. வருஷம் 62,400. வாடகை 31 சதவீதம். இவங்களுக்குக் கச்சிதமா பொருந்துது.

வாசல் எவ்வளவு குறுகல்னு பார்த்தீங்களா? ஒருத்தர் சம்பளம் போதல, இரண்டு பேர் சம்பளம் அதிகமாயிடுது. நடுவுல ஒரு சின்ன இடுக்கு, அதுல பொருந்துறவங்களுக்கு மட்டும் வீடு. வீடு கிடைச்ச பிறகு சம்பளம் ஏறினா உடனே காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க, அது ஒரு நிம்மதி. ஆனா உள்ள நுழையற அன்னைக்கு எண் பொருந்தணும்.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். எல்லா வீடும் 60 சதவீத வீடு இல்ல. ஒரே கட்டிடத்துல 30, 40, 50 சதவீத வீடுகளும் இருக்கும். அந்த முதல் அம்மாவுக்கு 40 சதவீத வீடு கிடைச்சா வாடகை 1,080. சம்பளத்துல 35 சதவீதம். சமாளிக்கலாம். அதோட, அரசு வாடகை வவுச்சர் வச்சிருக்கிறவங்களை, வவுச்சர்ங்கற காரணத்துக்காக இந்தக் கட்டிடங்கள் மறுக்கக் கூடாது. வவுச்சர் இருந்தா தன் வருமானத்துல ஏறக்குறைய 30 சதவீதம் கொடுத்தா போதும். பிரச்சினை என்னன்னா, மத்திய அரசின் வாடகை உதவி தகுதியுள்ள நாலு குடும்பத்துல கிட்டத்தட்ட ஒரு குடும்பத்துக்குத்தான் கிடைக்குது.

அப்போ எல்லா வீட்டையும் 40 சதவீத வீடா கட்ட வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. 1,620-க்கும் 1,080-க்கும் வித்தியாசம் மாசம் 540. வருஷத்துக்கு ஒரு வீட்டுக்கு 6,480 டாலர். 60 வீடு இருக்கிற கட்டிடத்துல வருஷத்துக்கு 3,88,800. பில்டர் கடனுக்கு இஎம்ஐ கட்டணும்னு சொன்னேனே, அந்தக் காசு இதுதான். பாக்கித் தொகையை வேற யாராவது வட்டி இல்லாம போட்டாத்தான் வாடகை இறங்கும்.

எத்தனை வருஷத்துக்கு அஃபோர்டபிள்?

இதைத்தான் யாரும் போர்டுல எழுத மாட்டாங்க.

முதலீட்டாளர் 10 வருஷம் கிரெடிட் எடுப்பார். 15 வருஷம் விதிகளை மீறாம நடத்தணும். மீறினா எடுத்த கிரெடிட்ல ஒரு பங்கை வரித்துறை திரும்ப வசூலிக்கும். ஆரம்பத்துல சட்டத்துல இந்த 15 வருஷம்தான் இருந்தது. 1990-ல இருந்து ஒதுக்கின புராஜெக்ட்டுகளுக்குக் குறைஞ்சது 30 வருஷம்னு ஆச்சு. அதுலயும் ஒரு பின்வாசல் உண்டு. 14-வது வருஷம் முடிஞ்சதும் ஓனர் மாநில ஏஜென்சி கிட்ட, "சட்டம் சொல்ற விலைக்கு, மலிவு வாடகையைத் தொடர்ற ஒருத்தரைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க"ன்னு கேட்கலாம். ஒரு வருஷத்துக்குள்ள ஆள் கிடைக்கலன்னா, மூணு வருஷ அவகாசத்தோட அந்த வீடுகள் கட்டுப்பாட்டுல இருந்து விடுபடலாம். சில மாநிலங்கள் இந்த உரிமையை விட்டுக்கொடுத்தாத்தான் கிரெடிட்னு சொல்றாங்க. எல்லா இடத்துலயும் அப்படி இல்ல.

யுனிவர்சிட்டி ஊர்ல இது இரண்டு மடங்கு ஆபத்து. ஏன்னா 15 வருஷத்துலயோ 30 வருஷத்துலயோ அந்த நிலத்தின் விலை எங்கேயோ போயிருக்கும். மலிவு வாடகையில தொடர்றதை விட மாணவர் ஃபிளாட்டா மாத்தினா ஓனருக்கு லாபம் ரொம்ப அதிகம்.

சார்லட்ஸ்வில் மக்களுக்கு இந்த பயம் வெறும் கற்பனை இல்ல. அந்த ஊர்ல வினிகர் ஹில்னு கருப்பின மக்களின் ஒரு குடியிருப்பு இருந்தது. வீடு, கடை, சர்ச் எல்லாம் உள்ள இடம். நகரப் புனரமைப்புங்கற பேர்ல 1960-ல வாக்கெடுப்பு வச்சு, அந்தப் பத்தாண்டுலயே இடிச்சுத் தள்ளினாங்க. ஓட்டுப் போடவே வரி கட்டணும்னு இருந்த காலம். அங்க குடியிருந்த பலரால ஓட்டே போட முடியல. வீடு போனவங்கள்ல நிறைய பேர் வெஸ்ட்ஹேவன் அரசுக் குடியிருப்புக்குப் போனாங்க. "இடிச்சுட்டு நல்லதா கட்டித் தர்றோம்"னு யாராவது சொன்னா அங்க இருக்கிறவங்க உடனே நம்பாம இருக்கிறதுக்கு இந்த வரலாறு போதும்.

அதனாலதான் ஃப்ரெண்ட்ஷிப் கோர்ட் கதை எனக்கு முக்கியமா படுது. 1970-களின் கடைசியில கட்டின, 150 வீடு உள்ள, வாடகை உதவி பெறுற குடியிருப்பு அது. இப்போ அதன் பேர் கிண்டில்வுட். பீட்மான்ட் ஹவுசிங் அலயன்ஸ்ங்கற லாப நோக்கமில்லாத அமைப்பு அதை டாக்ஸ் கிரெடிட்டோட, கட்டம் கட்டமா திரும்பக் கட்டுது. முதல்ல புது வீடு கட்டி, பழைய வீட்டுல இருக்கிறவங்களை அதுக்கு மாத்திட்டு, பிறகுதான் பழசை இடிக்கிறது. திட்டம் போடுற குழுவுலயே குடியிருக்கிறவங்க இருந்தாங்க. நகர நிர்வாகமும் பணம் போட்டிருக்கு. இதே கிரெடிட், இதே சட்டம். ஆனா ஓனருக்கு வித்துட்டுப் போற ஆசை இல்ல. பாக்கித் தொகையை நிரப்ப ஊரும் கை கொடுத்தது.

என் கருத்து

டாக்ஸ் கிரெடிட் திட்டத்தை மூடணும்னு சொல்றவங்க இருக்காங்க. வங்கிக்கும் வக்கீலுக்கும் போற காசை நேரா ஏழைக்கு வவுச்சரா கொடுத்துடலாம்கிறது அவங்க வாதம். அதுல பாதி நியாயம் இருக்கு. கிரெடிட் 85 சென்ட்டுக்குப் போனா, அரசாங்கம் விடற ஒவ்வொரு டாலர்லயும் 15 சென்ட் கட்டிடத்துக்குப் போகல. ஆனா காலி வீடே இல்லாத ஊர்ல வவுச்சரை மட்டும் கொடுத்து என்ன பண்றது? முதல்ல வீடுன்னு ஒண்ணு இருக்கணும். அதனால திட்டம் வேணும்ங்கற பக்கம்தான் நான். 2025 ஜூலைல கையெழுத்தான சட்டம் 9 சதவீத கிரெடிட் ஒதுக்கீட்டை 2026-ல இருந்து நிரந்தரமா 12 சதவீதம் உயர்த்தியிருக்கு. 4 சதவீத கிரெடிட்டுக்குத் தேவையான பாண்ட் பங்கை 50 சதவீதத்துல இருந்து 25 ஆ குறைச்சிருக்கு. இன்னும் நிறைய வீடு வரும், நல்லது.

ஆனா கிரெடிட் மட்டும் போதும்னு நினைச்சா, வர்றது பெரும்பாலும் அந்த 1,620 டாலர் வீடாத்தான் இருக்கும். யுனிவர்சிட்டி ஊர்ல பாக்கித் தொகையை யார் நிரப்பணும்? என் பதில், யுனிவர்சிட்டி.

அது தர்மம் பண்ணணும்னு நான் சொல்லல. வாடகை ஏற ஒரு முக்கியக் காரணம் அதன் மாணவர்கள். குறைஞ்ச வாடகை வீடு தேடி அலையறவங்கள்ல பலர் அங்க சமைக்கிறவங்க, துடைக்கிறவங்க, அதன் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவங்க. அரசுப் பல்கலைக்கழகம்ங்கறதால அதன் கல்விக் கட்டிடங்களுக்கு ஊருக்கு சொத்து வரியும் கிடையாது. 2021-ல நகர கவுன்சில் ஏத்துக்கிட்ட வீட்டுவசதித் திட்டம், வருஷம் 1 கோடி டாலர் வீதம் 10 வருஷம் செலவு பண்ணணும்னு சொல்லுது. 46,000 பேர் இருக்கிற ஊருக்கு அது சின்னத் தொகை இல்ல. பெரிய நில உரிமையாளர் ஒதுங்கி நின்னா அந்த பாரம் சாதாரண வீட்டுக்காரங்க தலையிலதான் விழும்.

விர்ஜீனியா பல்கலைக்கழகம் 2020-ல ஒரு அறிவிப்பு கொடுத்தது: 10 வருஷத்துல 1,000-லிருந்து 1,500 வரை மலிவு வீடுகள் வர உதவுவோம், தன் நிலத்தைக் குத்தகைக்குத் தருவோம்னு. இரண்டாம் வருஷ மாணவர்களையும் வளாகத்துக்குள்ளேயே தங்க வைக்கிறது அதன் 2030 திட்டத்துல இருக்கு. இரண்டும் சரியான திசை. நிலம் குத்தகையில இருந்தா 30 வருஷம் கழிச்சும் அது பல்கலைக்கழகத்தோடதுதான், யாரும் வித்துட்டுப் போக முடியாது. மாணவர்கள் உள்ள போனா ஊருக்குள்ள அந்த நாலு பெட்ரூம் வீடு ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும். ஆனா அறிவிப்பை வாழ்த்திட்டுப் போயிடக் கூடாது. எத்தனை வீட்டுல ஆள் குடியேறியாச்சு, அதுல 40 சதவீதத்துக்குக் கீழ எத்தனைன்னு வருஷா வருஷம் கேட்கணும். நிலத்தைக் கொடுத்துட்டு வாடகையைச் சந்தைக்குப் பக்கத்துல வச்சா, பேர் மட்டும்தான் மிஞ்சும்.

இதுல உங்களுக்கு என்ன?

'அஃபோர்டபிள்'ங்கற வார்த்தை நம்ம ஊர்லயும் வரிச் சலுகையோடதான் வந்தது. 80-ஐபிஏ பிரிவுல, 2016 ஜூனிலிருந்து 2022 மார்ச் வரை அனுமதி வாங்கின திட்டங்களுக்கு பில்டரின் லாபத்துல 100 சதவீதக் கழிவு கிடைச்சது. வாங்கினவங்களுக்கு 80இஇஏ-ல கூடுதலா 1.5 லட்சம் வட்டிக் கழிவு, 2022 மார்ச் வரை அனுமதியான கடன்களுக்கு. வீட்டின் மதிப்பு 45 லட்சத்துக்குள்ள இருக்கணும். 1 சதவீத ஜிஎஸ்டிக்கும் அதே 45 லட்சம்தான் வரம்பு. கவனிச்சீங்களா? இங்க வரம்பு வீட்டின் விலைக்கு. வாங்குறவர் வருமானம் என்னன்னு இந்தப் பிரிவுகள் கேட்கவே இல்ல. மாசம் 30,000 வாங்குறவருக்கு 45 லட்ச வீடு அஃபோர்டபிளான்னு நீங்களே இஎம்ஐ கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க.

அதனால, இங்கேயோ அங்கேயோ, இந்த வார்த்தையைப் பார்த்தா மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, மலிவுன்னு எதை வச்சு முடிவு பண்ணாங்க? என் சம்பளமா, ஊர்ச் சம்பளமா, வீட்டு விலையா?

இரண்டு, சலுகைப் பணம் யார் கைக்குப் போகுது? அதுல எவ்வளவு எனக்கு வாடகைக் குறைப்பாவோ விலைக் குறைப்பாவோ வருது?

மூணு, இது எந்தத் தேதி வரைக்கும்? அதுக்கப்புறம் வாடகை என்ன ஆகும்?

எம்எஸ் போறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. விளம்பரத்துல 'அஃபோர்டபிள்'னு இருந்தா, விண்ணப்பக் கட்டணம் கட்டுறதுக்கு முன்னாடியே "இது டாக்ஸ் கிரெடிட் கட்டிடமா? முழுநேர மாணவர் விதி இருக்கா?"ன்னு ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. ஆமான்னு பதில் வந்தா, அதை விட்டுட்டு பல்கலைக்கழக விடுதியையும் ரூம்மேட்டோட பகிர்ற வீட்டையும் பாருங்க. படிப்பு முடிஞ்சு, சம்பளம் வாங்கி, அதே ஊர்ல குடும்பத்தோட தங்குற நாள் வந்தா, அப்போ அந்த வரிசையில உங்களுக்கும் ஒரு இடம் இருக்கலாம்.

இந்தக் கணக்குகளை ஷீட்ல போட்டு, வரம்பை மாத்தினா வாடகை எப்படி மாறுதுன்னு அடுத்த வீடியோவுல காட்டறேன். உங்க ஊர் எண்ணைப் போட்டுப் பார்க்க அது உதவும்.